பழைய பிக்கப்பின் பின்கண்ணாடியை நாமே மாற்றுவது எப்படி

பிக்கப் வண்டியின் பின்கண்ணாடிக்கு எதிரிகள் அதிகம். தொட்டியில் ஏற்றிய மரக்கட்டை சறுக்கி வந்து மோதும், ஏணியின் முனை இடிக்கும், கட்டாமல் போட்ட ஸ்டெப்னி பிரேக் பிடித்ததும் முன்னால் பாயும். முன்கண்ணாடியாக இருந்தால் விரிசலோடு இன்னும் நாலு மாதம் ஓட்டலாம். பின்கண்ணாடி அப்படி இல்லை. உடைந்தால் ஒரே நொடியில் மொத்தமும் கற்கண்டுத் துண்டுகளாகச் சீட்டில் கொட்டிவிடும்.

பழைய பிக்கப்பில் இதை மாற்றப் பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. ஒரு கயிறு, ஒரு வாளி சோப்புத் தண்ணீர், பொறுமையான துணை ஆள் ஒருவர் போதும். கண்ணாடியை மாட்டுவது ஒரு மணி நேர வேலைதான். ஆனால் அந்தக் கண்ணாடி உட்காருகிற தகர விளிம்பைச் சரிசெய்ய ஒரு நாள் முழுக்க ஆகலாம். புதிதாகச் செய்பவர்கள் அவசரப்படுவது அந்த இடத்தில்தான். நானும் அவசரப்பட்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

எந்த வகை என்று பாருங்கள்

வேலையைத் தொடங்கும் முன் கண்ணாடியைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். தடித்த கறுப்பு ரப்பர் பட்டை கேபினுக்கு வெளியிலும் உள்ளேயும் தெரிகிறதா? கட்டைவிரலால் அதன் உதட்டைக் கொஞ்சம் தூக்க முடிகிறதா? அப்படியானால் அது ரப்பர் பீடிங்கில் நிற்கிற கண்ணாடி. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ரப்பர் இல்லாமல், கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பூச்சுப் பட்டையோடு பாடியை ஒட்டியே உட்கார்ந்திருந்தால் அது யூரித்தேன் பசையால் ஒட்டியது. அதை அறுத்து எடுக்கக் கம்பியோ தனிக் கத்தியோ வேண்டும். பழைய பசையை 1, 2 மி.மீ. மட்டும் விட்டுச் சீவி, அதற்கென்று உள்ள பிரைமர் பூசி, புதுப் பசை தோல் கட்டுவதற்குள் கண்ணாடியை ஒரே தடவையில் சரியான இடத்தில் வைக்க வேண்டும். தவறினால் திருத்த இடமில்லை. முதல் முறை செய்பவர் அதைக் கண்ணாடிக் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ரப்பர் பீடிங்கின் குறுக்குவெட்டைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு காடிகள் தெரியும். ஒரு காடி கண்ணாடியின் ஓரத்தைக் கவ்வுகிறது. எதிர்ப்பக்கக் காடி கேபினின் ஜன்னல் ஓட்டையைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் தகர விளிம்பைக் கவ்வுகிறது. திருகு, பசை, கிளிப் எதுவும் கிடையாது. இரண்டு காடிகளின் பிடிமானம் மட்டும்தான். சில வண்டிகளில் ரப்பரின் முகத்தில் மூன்றாவதாக ஒரு மெல்லிய காடி ஓடும், அதற்குள் ஆப்பு மாதிரி ஒரு பூட்டுப்பட்டை செருகியிருக்கும். அதை முதலில் உருவி எடுத்தால்தான் ரப்பர் தளரும். குரோம் பட்டி இருந்தாலும் அப்படித்தான்.

கண்ணாடி வாங்கும்போது

பின்கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக ஊதிக் குளிரவைத்துச் செய்வது. மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உட்பகுதி பிறகு சுருங்க முயன்று மேற்பரப்பை எப்போதும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் வலிமைக்கும் காரணம் இந்த இழுவைதான், உடைந்தால் முழுக்கச் சிதறுவதற்கும் காரணம் அதுதான். இதனால் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. “கொஞ்சம் பெரிசா இருக்கு, ஓரத்தைத் தேய்த்துக் கொடுக்கிறேன்” என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

அளவு விஷயத்தில் வண்டியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் நம்பக் கூடாது. 1967 ஷெவ்ரோலே சி10-ஐ எடுத்துக்கொண்டால், ஒரே வருடத்தில் சிறிய பின்கண்ணாடி, பெரிய பின்கண்ணாடி என்று இரண்டு விதக் கேபின்கள் வந்தன. வருடத்தை மட்டும் சொல்லி வாங்கினால் தவறான கண்ணாடி வர வாய்ப்பு உண்டு. ஜன்னல் ஓட்டையின் அகலத்தையும் உயரத்தையும் தகர விளிம்பிலிருந்து விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் நகர்த்தித் திறக்கிற வகைக் கண்ணாடி என்றால் அதற்கான ரப்பர் வேறாக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் கண்ணாடி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். முகத்தில் மெல்லிய கீறல் இருந்தால் பார்க்கத்தான் அசிங்கம். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் மட்டும் வேண்டாம். விரல்நகத்தை ஓரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள், எங்காவது தட்டினால் அந்தக் கண்ணாடி மாட்டுகிறபோதே கையில் சிதறலாம். ரப்பரை மட்டும் எப்போதும் புதிதாகவே வாங்குங்கள். பழைய ரப்பர் வெயிலில் இறுகிச் சுருங்கியிருக்கும். அதை மறுபடி போட்டுக் காசு மிச்சம் பிடித்தவர்கள் பிறகு சீலண்டில் செலவு செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

வேறு தேவையானவை: 4 முதல் 6 மி.மீ. தடிப்புள்ள வழுவழுப்பான நைலான் கயிறு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், முனை மழுங்கிய பிளாஸ்டிக் தகடு ஒன்றிரண்டு, கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், துரு மாற்றித் திரவம், எபாக்சி பிரைமர், வண்டியின் நிறத்தில் கொஞ்சம் பெயிண்ட், தடித்த கையுறை, கண்ணுக்குக் கவசம். கயிற்றின் நீளம் கண்ணாடியின் சுற்றளவோடு இன்னும் ஒரு மீட்டர்.

பழையதைக் கழற்றுதல்

கண்ணாடி உடையாமல் இருந்து, ரப்பரை மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் வேலை சுலபம். வெளிப்பக்கத்து உதட்டைக் கூரான கத்தியால் சுற்றிலும் அறுத்து எறிந்துவிட்டால் கண்ணாடியைப் பிடிக்க எதுவும் இருக்காது. உள்ளே ஒருவர் மேல் மூலையிலிருந்து மெதுவாகத் தள்ள, தொட்டியில் நிற்பவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ளலாம். கத்தி கண்ணாடியோடு படுத்தபடி போகட்டும், பெயிண்ட் பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பனி நீக்கும் சூட்டுக்கோடுகள் இருந்தால் முதலில் வயர் முனைகளைக் கழற்றிவிடுங்கள்.

எடுத்த கண்ணாடியைச் சிமெண்டுத் தரையில் மூலை ஊன்றி நிறுத்தாதீர்கள். டெம்பர்டு கண்ணாடியின் முகத்தில் கையால் ஓங்கித் தட்டினாலும் தாங்கும், ஓரத்தில் ஒரு சிறு கல் பட்டால் போதும், போய்விடும். பழைய கம்பளம் அல்லது அட்டைப்பெட்டி மேல் படுக்கவையுங்கள். 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ எடை இருக்கும். பிக்கப்பின் பின்கண்ணாடி அதில் பாதி அளவு என்றாலும் ஆறு கிலோ தாண்டும். சோப்புக் கையோடு தனியாகத் தூக்குகிற எடை அல்ல.

கண்ணாடி ஏற்கெனவே சிதறியிருந்தால் கழற்ற ஒன்றுமில்லை, பொறுக்கத்தான் நிறைய இருக்கிறது. சீட்டைக் கழற்றிவிடுங்கள், இதில் சோம்பல் வேண்டாம். சில்லுகள் சீட்டுக்குப் பின்னால், கம்பளத்துக்கு அடியில், சீட் பெல்ட் சுருளும் பெட்டிக்குள், ஹீட்டர் வாய்களில், கேபினின் மூலைகளில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் ஓட்டைகளில் எல்லாம் போய் உட்கார்ந்திருக்கும். வடிகால் ஓட்டை அடைத்தால் தண்ணீர் தங்கும், மூலை துருப்பிடிக்கும். வேக்யூம் கிளீனரால் இழுத்து, அப்புறம் கையுறையோடு விரலை விட்டுத் துழாவி, மறுபடி இழுங்கள். எவ்வளவு செய்தாலும் ஆறு மாதம் கழித்து ஒரு திடீர் பிரேக்கில் ஒரு சில்லு உருண்டு வந்து காலடியில் கிடக்கும்.

புதுக் கண்ணாடி வரும்வரை ஜன்னலில் பாலித்தீன் கட்டி ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டி ஓடும்போது கேபினுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகைக்குழாயின் புகை அந்த ஓட்டை வழியாக உள்ளே இழுக்கப்படும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனை கிடையாது. அந்த நிலையில் நீண்ட பயணம் வேண்டாம்.

தகர விளிம்பு

கண்ணாடியும் ரப்பரும் போன பிறகு ஜன்னல் ஓட்டையைச் சுற்றி நிற்கிற தகர விளிம்பைப் பாருங்கள். கூரைத் தகடும் பின்சுவர்த் தகடும் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் அடித்த இடம் அது. மேல் பக்கம் அநேகமாகச் சுத்தமாக இருக்கும். கீழ்ப்பக்கத்தில், முக்கியமாகக் கீழ் மூலைகள் இரண்டிலும், பழுப்பாக அடுக்கடுக்காகப் பெயர்ந்துகொண்டிருக்கும். ரப்பருக்கு அடியில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வருடக்கணக்கில் அங்கேதான் தங்கியிருக்கிறது.

முதல் முறை நான் செய்தது இதுதான்: மேலோட்டமாகத் தேய்த்தேன், கறுப்பு பிரைமரை ஒரு பூச்சு அடித்தேன், அன்று மாலையே கண்ணாடியை மாட்டிவிட்டேன். பார்க்க அழகாகவே இருந்தது. முதல் மழையில் சீட்டுக்கு அடியில் கம்பளம் ஊறிப்போனது. ரப்பர் சரியில்லை என்று நினைத்து ஒரு முழு டியூப் சீலண்டைச் சுற்றிலும் அப்பினேன். அடுத்த மழையிலும் ஊறியது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றியபோதுதான் தெரிந்தது, ரப்பர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. துருவில் குழி விழுந்த தகரத்தின் மேல் புது ரப்பர் படியவே இல்லை. ஒவ்வொரு குழியும் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால். அத்தோடு, காயாத பிரைமர் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு தோலாக உரிந்து வந்திருந்தது.

அதனால் இந்த வேலையை வரிசையாகச் செய்யுங்கள். பழைய சீலண்ட் பிசினைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, மிச்சத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் உதிர்த்து, உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். குழிகளுக்குள் எட்டாத துருவுக்கு மட்டும் துரு மாற்றித் திரவம். அதன் டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்து, அப்புறம் எபாக்சி பிரைமர், அதற்கு மேல் பெயிண்ட். விளிம்பின் உள்முகம், வெளிமுகம், முனை மூன்றிலும் படவேண்டும். முனையை எல்லோரும் மறப்பார்கள், துரு மட்டும் மறக்காது.

ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வைத்து அடைக்காதீர்கள். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதன் அடியில் துரு இன்னும் வசதியாக வளரும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். தெரியாவிட்டால் டிங்கர் வேலை செய்பவரிடம் வண்டியை ஒருநாள் விடுங்கள்.

இன்னொன்று, விளிம்பு நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய இடங்கள் அலை அலையாக வளைந்திருக்கும். பின்பக்கம் ஒரு இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, முன்பக்கம் சிறு சுத்தியலால் தட்டி நேராக்குங்கள். பெயிண்டைத் தடியாகப் பூசுவதும் கூடாது, ரப்பரின் காடி குறிப்பிட்ட தடிமனுக்குத்தான் செய்யப்பட்டது.

பெயிண்ட் பூசிய அன்றே கண்ணாடியை மாட்டாதீர்கள். குறைந்தது ஒரு நாள், குளிர்காலம் என்றால் இரண்டு நாள். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது.

கண்ணாடிக்கு ரப்பர்

ரப்பரை அரை மணி நேரம் வெயிலிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ போட்டு வையுங்கள், கல் மாதிரி இருந்தது துணி மாதிரி வளையும். கண்ணாடியைக் கம்பளத்தின் மேல் வைத்து, கண்ணாடிக்கான காடி எது, தகரத்துக்கான காடி எது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். கழற்றிய பழைய ரப்பரில் ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

கண்ணாடியைச் சுற்றி ரப்பரை ஏற்றும்போது இழுத்து நீட்டாதீர்கள். இழுத்தால் அன்றைக்கு அழகாக உட்காரும், நாளாக நாளாகத் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி மூலைகளில் விலகும். முதலில் நாலு மூலைகளையும் உட்காரவைத்து, பிறகு இடையில் உள்ளதை உள்ளே தள்ளுங்கள். கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தால் அது நல்லதுதான், உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சுற்றிலும் பரப்பிவிடுங்கள். குரோம் பட்டி செருகுகிற வகை என்றால் பல வண்டிகளில் அதை இந்தக் கட்டத்திலேயே செருகிவிடுவது சுலபம்.

அடுத்தது கயிறு. தகரத்துக்கான காடிக்குள் கயிற்றைச் சுற்றிலும் அடிவரை பதியுங்கள். கீழ்ப்பக்க நடுவில் தொடங்கி ஒரு சுற்று வந்து அதே இடத்தில் முடியட்டும், இரண்டு முனைகளும் ஒன்றையொன்று 20, 30 செ.மீ. தாண்டிக் கிடக்கட்டும். முனைகள் கேபினின் உட்பக்கம் வருகிற முகத்தில் தொங்க வேண்டும். வெளிப்பக்கம் தொங்கவிட்டு, கண்ணாடியைத் தூக்கி வைத்த பிறகு “கயிறு எங்கே?” என்று தேடியவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு தகர விளிம்பு, காடி இரண்டிலும் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ், என்ஜின் ஆயில் வேண்டாம், பல ரப்பர்களை அவை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சோப்பு வேலை முடிந்ததும் காய்ந்துபோகும், அதுதான் நமக்கு வேண்டியது.

இழுத்து மாட்டுதல்

இதற்கு இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் தொட்டியில் நின்று கண்ணாடியைப் பிடிப்பார், மற்றவர் கேபினுக்குள். கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தை முதலில் விளிம்பின் மேல் நடுவாக உட்காரவைத்து, பிறகு மேல்பக்கத்தை அணைத்துச் சாய்க்க வேண்டும். இடம் வலம் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த நேரத்தில் பார்த்துவிடுங்கள், அப்புறம் நகராது.

உள்ளே இருப்பவர் ஒரு முனையைப் பிடித்து, கண்ணாடியின் மையத்தை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். கயிறு காடியிலிருந்து வெளியேறும்போது ரப்பரின் உள் உதட்டைத் தூக்கித் தகர விளிம்புக்கு இந்தப் பக்கம் போட்டுவிடும். மொத்த வித்தையும் இவ்வளவுதான். கயிறு எந்த இடத்தில் வெளிவருகிறதோ சரியாக அதே இடத்தில் வெளியே இருப்பவர் உள்ளங்கையை விரித்து அழுத்த வேண்டும். முஷ்டியால் குத்தக் கூடாது. “மூலைக்கு வந்துட்டேன்”, “அழுத்து”, “நிறுத்து” என்று பேசிக்கொண்டே செய்யுங்கள். கீழ்ப்பக்கம் நடுவிலிருந்து இரண்டு மூலைவரை, அடுத்து இரண்டு பக்கங்கள், மேல்பக்கம் கடைசி. ஒரு முனையையே ஒரேயடியாக முழுச் சுற்றும் இழுத்தால் கண்ணாடி ஒரு பக்கமாக ஏறிவிடும்.

மூலையில் கயிறு சிக்கி நின்றால் பலம் காட்டாதீர்கள், கயிறு ரப்பரை அறுத்துவிடும். இன்னும் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள், வெளியே இருப்பவர் இன்னும் கொஞ்சம் அழுத்தட்டும், பிளாஸ்டிக் தகட்டால் அந்த உதட்டுக்கு மட்டும் உதவி செய்யுங்கள். கயிறு அறுந்துபோனாலும் மிச்சத்தை இந்தத் தகட்டாலேயே ஏற்றலாம், நேரம்தான் ஆகும். பத்து நிமிடமாகியும் மேல்பக்கம் ஏறவே இல்லை என்றால் கண்ணாடி கீழே சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம். முழுக்க எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டாவது தடவை பாதி நேரத்தில் முடியும்.

உட்கார்ந்த பிறகு வெளியிலிருந்து சுற்றிலும் உள்ளங்கையால் தட்டுங்கள். வெளி உதடு பாடியோடு படிந்திருக்கிறதா, எங்காவது உள்ளே மடிந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்து, மடிந்த இடத்தைத் தகட்டால் வெளியே எடுங்கள். பூட்டுப்பட்டை உள்ள வகை என்றால் அதைக் கடைசியாகச் செருகுங்கள்.

தண்ணீர் சோதனை

சோப்புத் தண்ணீர் காய ஒரு நாள் விடுங்கள். பிறகு ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் ஹோஸ் குழாயை மெல்லத் திறந்து, கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி மேலே மேலே போகட்டும். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, எல்லாம் கீழ் மூலையில்தான் வந்து சொட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள். பீய்ச்சி அடிக்க வேண்டாம், அந்த வேகத்துக்கு நல்ல ரப்பரும் வழிவிடும்.

ஒழுகும் இடம் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும், நன்றாகக் காய்ந்த பிறகு, வெளி உதட்டைத் தூக்கி அதன் அடியில் இறுகாத வகை பியூட்டைல் சீலண்டை ஊசிமுனைக் குழாயால் விடுங்கள். பிதுங்கி வருவதை உடனே துடைத்துவிடுங்கள். சாதாரண சிலிக்கான் சீலண்ட் வேண்டாம். வினிகர் மாதிரி வாசனை வருகிறதே, அது அசிட்டிக் அமிலம். இவ்வளவு நேரம் தேய்த்துப் பூசிய தகரத்தில் மறுபடி துருவைத் தொடங்கிவைக்கும். அடுத்த தடவை கழற்றுபவருக்கும் அதன் பிசின் பெரிய தொல்லை.

கூரைத் துணி, பின்சுவர்ப் பலகை, கம்பளம் ஆகியவற்றை உடனே மாட்டிவிடாதீர்கள். ஒரு நல்ல மழை போகட்டும். மறுநாள் காலையில் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒரு தாளை மடித்து வைத்து அழுத்திப் பாருங்கள். தாள் காய்ந்தே வந்தால் சீட்டை ஏற்றலாம்.